பங்களாவைக் காலி செய்த பிறகு

நீலகிரி மலையில் மேல்தட்டு என்பது எது?
அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



தங்கள் சேமிப்பில் ஒரு பங்கை ஊராரின் கல்விக்கென ஒதுக்கி வைத்தவர்களின் மேடையில் நிற்கிறேன். அதனால் இந்தக் கேள்வியை இங்கே எடுப்பது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒருவரை மேல்தட்டு என்று நம்மைச் சொல்ல வைப்பது எது? பணம்தான் என்றால் மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டிக்காரரிடம் பணம் இருக்கிறது. ஊட்டி மார்க்கெட்டின் மொத்த வியாபாரியிடமும் இருக்கிறது. ஆனால் இந்த மலையில் அவர்களை யாரும் ‘துரை’ என்று அழைத்ததில்லை. அவர்களைவிடக் குறைந்த வருமானம் உள்ள ஓர் இளைஞரை, தலைநரைத்த தொழிலாளர்கள் எழுந்து நின்று அப்படி அழைத்தார்கள். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதே என் உரை.

1. இரண்டு வீடுகள்

எஸ்டேட் மேனேஜர் பெரிய துரை. உதவி மேனேஜர் சின்ன துரை. துரையின் மனைவி துரைசாணி. வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகும் இந்தப் பெயர்கள் போகவில்லை. விடுதலைக்குப் பின் கம்பெனிகள் இந்திய இளைஞர்களை அந்த நாற்காலிகளில் உட்காரவைத்தபோது பெயர்களும் அவர்களிடம் வந்து சேர்ந்தன. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் தேயிலையைப் பற்றிக் கேட்டதைவிட, எந்தப் பள்ளியில் படித்தாய், என்ன விளையாடுவாய் என்று கேட்டதுதான் அதிகம். தேயிலையை வந்து கற்றுக்கொள்ளலாம், மற்றதை வரும்போதே கொண்டுவர வேண்டும் என்பது கம்பெனிகளின் கணக்கு.

சின்ன துரையின் சம்பளம் பெரிய தொகை இல்லை. ஆனால் அவருக்குப் பங்களா இருந்தது. சமைத்துப் பரிமாற பட்லர், பூச்செடிக்குத் தோட்டக்காரர், மாலையில் போக கிளப், எல்லாம் இருந்தன. காலையில் அவர் மலைச்சரிவில் நடந்தால் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரும் மேஸ்திரியும் பின்னால் நடந்தார்கள்.

அதே எஸ்டேட்டில், சரிவின் கீழே, லைன் வீடுகள். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்ணின் குடும்பம். பங்களா கம்பெனியின் சொத்து, லைன் வீடும் கம்பெனியின் சொத்து. தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும் தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிக்குக் கடமை விதித்தது. அந்த வீடு வேலை இருக்கும்வரைதான். துரைக்கும் அப்படியே. ஓய்வு பெறும் நாளில் இருவரும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். சொந்தக் கூரை இல்லாமல் முப்பது ஆண்டுகள் வாழ்ந்ததில் இருவரும் சமம்.

வெளியேறிய மறுநாள்தான் வேறுபாடு தெரிகிறது. துரையுடன் படித்தவர் ஒருவர் வங்கியில் உயர் அதிகாரி, இன்னொருவர் ராணுவத்தில், மற்றொருவர் சென்னையில் வழக்கறிஞர். ஒரு தொலைபேசி அழைப்பில் ஓர் ஆலோசகர் வேலை அமைகிறது. பிள்ளைகள் ஏற்கெனவே நல்ல விடுதிப் பள்ளியில் படித்தவர்கள். எந்த அலுவலகத்துக்குள் போனாலும் ‘உட்காருங்கள் சார்’ என்கிறார்கள். கொழுந்து பறித்த பெண்ணின் கையில் பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் இருக்கின்றன. அவற்றைப் பெறும் படிவத்தை நிரப்பவே அவர் இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கிறது. அவருடைய உறவினர் எல்லோரும் அதே லைனில் இருப்பவர்கள். அவர்களுக்கும் கூரை கம்பெனியுடையதுதான்.

என் வாதத்தின் மையம் இதுதான். வீடும் சம்பளமும் பதவியும் போன பிறகு ஒருவரிடம் எது மிஞ்சுகிறதோ, அதுவே மேல்தட்டு. அறிமுகங்கள், பேச்சு, எந்த வாசலிலும் கூசாமல் நுழையும் பழக்கம், எந்தக் கதவை எப்படித் தட்ட வேண்டும் என்ற அறிவு: இவைதான் மிஞ்சுபவை.

2. விதி எழுதியவர்கள்

இந்த மலையில் அப்படியொரு தட்டு எப்படி உருவானது என்று பார்ப்போம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலை ஏறினார். 1822இல் ஊட்டியில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். சில ஆண்டுகளில் ஏரி வந்தது, இங்கிலாந்துக் காய்கறிகள் வந்தன, வில்லியம் ரம்போல்டு ஹோட்டலாகக் கட்டிய மாளிகை வந்தது. அந்த மாளிகையில்தான் பின்னர் 1841இல் தொடங்கிய ஊட்டி கிளப் குடியேறியது. 1848இல் தாவரவியல் பூங்காவை அமைக்க மக்ஐவர் வந்தார். 1870கள் தொட்டு, சென்னை மாகாண அரசு ஆண்டின் பாதியைக் கோப்புகளோடு ஊட்டியில் கழித்தது. சமவெளியில் வெயிலில் வாடிய மக்களை ஆள்பவர்கள் மலைமேல் குளிர்காய்கிறார்கள் என்று தேசிய இயக்கத்தினர் கண்டித்தார்கள். கண்டனம் நியாயமானது. ஆயினும் ஊட்டியின் கவர்ச்சி அந்தக் கண்டனத்தால் குறையவில்லை. மைசூர் மகாராஜாவும் ஜோத்பூர் மகாராஜாவும் இங்கே அரண்மனை வைத்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்தின் மேல்குடி வாழ்க்கையை இவர்கள் இங்கே ஒவ்வொரு உறுப்பாக மறுபடி கட்டினார்கள். அங்கே சிவப்புக் கோட்டு அணிந்து குதிரைமேல் போய், வேட்டை நாய்களை ஏவி நரி வேட்டையாடுவது வழக்கம். அந்த நரியினம் இந்தப் புல்வெளிகளில் இல்லை. நம் ஊர் நரியைத் துரத்தினார்கள். வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் அந்த வேட்டை தலைமுறை தலைமுறையாக நடந்தது. ஸ்னூக்கர் ஆட்டத்தை நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி 1875இல் ஜபல்பூரில் உருவாக்கினார். 1880களில் அவர் ஊட்டிக்கு வந்தபோது அதன் விதிகள் எழுதப்பட்டு ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. உலகம் முழுவதும் இன்று ஆடும் ஓர் ஆட்டத்தின் விதி அந்தச் சுவரில் தொங்கியது.

இந்தச் செய்தியை ஊட்டியின் பெருமையாகச் சொல்வது வழக்கம். நான் வேறொன்றைச் சொல்ல எடுத்துக்கொள்கிறேன். ஆடத் தெரிந்தவர் எத்தனையோ பேர் இருக்கலாம். விதி எழுதுகிறவர் சிலரே. அந்த விதி எந்த அறையில் தொங்குகிறது, அந்த அறைக்குள் யார் வரலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். வெள்ளையர் கிளப்புகளில் இந்தியர் உறுப்பினராக முடியாத காலம் நீண்டது. எவ்வளவு பணம் இருந்தாலும் உள்ளே இருக்கும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், மற்றவர்கள் மறுக்காமல் இருக்க வேண்டும். பணக்காரராக ஒருவர் தாமே ஆகலாம். மேல்தட்டாக ஆவதற்கு ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் சம்மதம் வேண்டும். மாக்ஸ் வெபர் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் சொத்தின் அடிப்படையில் அமையும் தட்டையும் மதிப்பின் அடிப்படையில் அமையும் தட்டையும் தனித்தனியே வைத்துப் பார்த்தது இதனால்தான்.

1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் தோர்ஸ்டைன் வெப்ளன், ஓய்வு வர்க்கத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். உழைக்க வேண்டிய தேவை தமக்கில்லை என்று ஊரறியக் காட்டிக்கொள்வதே அந்த வர்க்கத்தின் அடையாளம் என்பது அவர் கண்டது. 1908இல் ரயில் ஊட்டியைத் தொட்டது. டிக்கெட் வாங்கிய யாரும் மலைக்கு வரலாம் என்றானதும், மலைக்கு வந்திருக்கிறேன் என்பதில் பழைய பெருமை இல்லை. எந்த வீட்டில் தங்குகிறார், யார் விருந்துக்கு அழைத்தார்கள் என்பவை பெருமை ஆயின. வேலி இடம் மாறியது. வேலி போகவில்லை.

3. பணமே இல்லாத மேன்மை

சல்லிவன் வருவதற்கு முன்பும் இந்த மலையில் உயர்வு தாழ்வு இருந்தது. அது வேறு கணக்கில் இருந்தது. எருமை மேய்த்த தோடர்கள் பாலும் நெய்யும் கொடுத்தார்கள். படகர்கள் தானியம் கொடுத்தார்கள். கோத்தர்கள் இரும்புக் கருவியும் பானையும் செய்தார்கள், சாவுக்கு இசைத்தார்கள். குறும்பர்கள் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவந்தார்கள். தோடர்களிடம் காசு இல்லை, ஏர் இல்லை, கோட்டை இல்லை. ஆனாலும் மண்ணுக்கு முதல் உரியவர்கள் என்ற மதிப்பில் படகர்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்தார்கள். தோடர்களுடைய பால்மனை கோயிலுக்கு ஒப்பானது. அதைக் காக்கும் பூசகரின் நோன்பு கடுமையானது.

1832இல் நூல் எழுதிய கேப்டன் ஹார்க்னெஸ் முதல் வந்த வெள்ளையர் பலர் தோடரின் நடையிலும் நிமிர்விலும் ஒரு பிரபுத்தனத்தைக் கண்டு வியந்தார்கள், பழைய ரோமானியரோடு ஒப்பிட்டார்கள். வியந்தவர்களின் அரசே தோடர்களுடைய புல்வெளிகளை எடுத்துக்கொண்டது. தோடருக்கு நிலத்தில் முழு உரிமை உண்டு என்று சல்லிவன் வாதாடினார். சென்னை கவர்னர் லஷிங்டன் அதை ஏற்கவில்லை. பின்னாளில் அந்தப் புல்வெளிகளில் சீகையும் கற்பூர மரமும் தேயிலையும் ஏறின. எருமைக்கு மேய்ச்சல் சுருங்கியது. ரிவர்ஸ் என்ற மானிடவியலாளர் 1901–02இல் இங்கே ஆய்வு செய்து 1906இல் நூல் வெளியிட்டபோது தோடர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை.

இந்த வரலாறு நமக்கு இரண்டைச் சொல்கிறது. பணம் இல்லாமலும் ஒரு சமூகம் தலைநிமிர்ந்து உயர்ந்து நிற்கலாம். ஆனால் அந்த உயர்வு மற்றவர்களின் ஒப்புதலில் நிற்பது. கொடுக்கல் வாங்கல் அறுந்து, ஒப்புதல் தருகிறவர்கள் வேறொரு கணக்குக்கு மாறியதும் அந்த மேன்மைக்கு ஊரில் செல்லுபடி குறைந்தது.

4. அனாதைகளுக்காகக் கட்டிய பள்ளி

லக்னோ முற்றுகையில் 1857இல் இறந்த சர் ஹென்றி லாரன்ஸின் பெயரால் 1858இல் இங்கே ஒரு விடுதிப் பள்ளி தொடங்கியது. படைவீரர்களின் அனாதைக் குழந்தைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் அது ஏற்பட்டது. கிளப் உறுப்பினர் ஆக முடியாத வெள்ளைச் சிப்பாயின் பிள்ளைகள் அவர்கள். லவ்டேலில் இன்று உயர்ந்து நிற்கும் அந்தப் பள்ளி, நாட்டின் பெயர்பெற்ற விடுதிப் பள்ளிகளில் ஒன்று. பெருந்தனக்காரர்கள் பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் இடம்.

இந்த மாற்றத்தைக் குறை சொல்ல நான் இதை எடுக்கவில்லை. ஒரு பள்ளி தரும் பாடம், ஒழுங்கு, விளையாட்டு, மேடையில் நிற்கும் துணிவு ஆகியவற்றை அனாதைக் குழந்தைக்கும் கற்பிக்க முடியும் என்பதற்கு அந்தப் பள்ளியின் தொடக்கமே சான்று. மேல்தட்டின் பழக்கங்கள் இரத்தத்தில் வருவதில்லை. பழக்கினால் வருகின்றன. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட பெரும் ஆய்வில் நிறுவியதும் இதையே: எந்த இசை பிடிக்கும், எந்த உணவு பிடிக்கும், எப்படிப் பேசுவோம், உடம்பை எப்படி வைத்துக்கொள்வோம் என்பவை எல்லாம் வளர்ப்பில் வருபவை. சிறு வயதிலேயே வந்து படிந்துவிடுவதால் பிறவிக் குணம் போலத் தெரிகின்றன. வைத்திருப்பவர் அதைத் தன் தகுதி என்று நம்புகிறார். இல்லாதவர் தன் குறை என்று நம்புகிறார். இரண்டாவது நம்பிக்கைதான் எனக்கு அதிக வேதனை தருகிறது. இந்த மாவட்டத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் நன்றாகப் படித்தும் நேர்காணல் அறையில் குரல் ஒடுங்கி உட்காருவதை இங்குள்ள ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் இதோடு சாதியும் சேர்கிறது. தோட்டங்களுக்குச் சமவெளியிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களில் தலித் மக்கள் பெரும்பங்கு. ஆள் திரட்டி வந்த கங்காணியும் மேஸ்திரியும் கண்டக்டரும் துரையும் என்று அடுக்கிய அடுக்கில் ஊரின் படிநிலை பெரும்பாலும் அப்படியே மலை ஏறியது. மேலே நான் சொன்ன ‘அறிமுகங்கள்’ என்பவை நம் ஊரில் பெரும்பாலும் சொந்தச் சாதிக்குள் ஓடும் அறிமுகங்களே. இதை மறைத்துவிட்டு மேல்தட்டைப் பண்பாடு என்று மட்டும் பேசினால் அது பாதி உண்மை.

அறிமுகம் இல்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களே 1976இல் டான்டீ நிறுவனம் ஆயின. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கங்களில் அவர்கள் மறுபடி கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினார்கள். பாட்டன் காலம் முதல் இலங்கையின் தேயிலைச் செல்வத்தை உண்டாக்கியவர்கள், இங்கே வந்து இறங்கியபோது தங்களுக்காக ஒரு கடிதம் எழுதித்தர ஆள் இல்லாமல் நின்றார்கள். உழைப்பு அவர்களிடம் இருந்தது. அறிமுகம்தான் இல்லை.

5. கோப்பையின் இரண்டு பக்கம்

சுவையிலும் இதே கதைதான். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. வரிசையாக வைத்த கோப்பைகளை உறிஞ்சித் துப்பி, நிறம், மணம், துடிப்பு என்று தேயிலைக்கு மதிப்புச் சொல்கிறார்கள் சுவைஞர்கள். அது உண்மையான திறமை, பல ஆண்டுப் பயிற்சி. முழு இலையாகச் சுருட்டிய ஆர்த்தடாக்ஸ் தேயிலையைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிப்பதே உயர்ந்த சுவை என்று கருதப்படுகிறது. அந்த இலையைப் பறித்த பெண் வீட்டில் டஸ்ட் தூளைப் பாலில் கொதிக்கவைத்துக் குடிக்கிறார். இரண்டும் தேநீரே. குளிரில் நனைந்து வந்த உடம்புக்கு இரண்டாவதே பொருத்தம். எது உயர்ந்தது என்று யார் சொல்கிறார்கள் என்பதில்தான் தட்டு இருக்கிறது.

இம்மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள் தேயிலை வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் படகர்கள். நிலம் அவர்களுடையது. பச்சைத் தேயிலைக்கு விலை வைப்பது அவர்கள் இல்லை. 1990களின் இறுதியில் விலை சரிந்தபோது நிலம் வைத்திருந்தும் கடனாளி ஆனார்கள். சொத்து இருப்பதும் சொல் செல்வதும் இருவேறு நிலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

6. ஆரி கவுடர் செய்தது

இனி இந்த மலை தந்த ஒரு முன்மாதிரியைச் சொல்கிறேன். ஹுப்பதலையைச் சேர்ந்த ராவ் பகதூர் பெள்ளி கவுடர் மலை ரயில் பணிகளில் ஒப்பந்தக்காரராக இருந்து செல்வம் ஈட்டியவர். அவர் மகன் எச்.பி. ஆரி கவுடர் படகர் சமூகத்தின் முதல் பட்டதாரி. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்தவர். 1933இல் ஹங்கேரியில் நடந்த உலகச் சாரணர் பெருவிழாவுக்கு இந்தியச் சாரணர்களுடன் போனவர். நான் இதுவரை அடுக்கிய அனைத்தும் அவருக்குக் கிடைத்தன: படிப்பு, ஆங்கிலம், பயணம், ஆளுநர் மாளிகை வரை அறிமுகம். அவற்றைக் கொண்டு தம் வீட்டு மதிலை உயர்த்திக்கொள்ள அவரால் முடிந்திருக்கும்.

அப்படிச் செய்யாமல் அவர் 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைக் கட்டினார். அன்று மலைவிவசாயி கிழங்கு மூட்டையை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பிவிட்டு, மண்டிக்காரர் எழுதும் கணக்கை அப்படியே ஏற்க வேண்டிய நிலை. முன்பணம் வாங்கியவர் எதிர்த்துக் கேட்க முடியாது. சங்கம் வந்ததும் விவசாயியின் கண்முன்னே ஏலம் நடந்தது. எடை அவன் முன்னால், விலை அவன் முன்னால். படித்த ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்த சந்தையின் விதி, படிக்காத ஆயிரம் பேருக்கும் பயன்படும் ஏற்பாடாக மாறியது. 

பணத்தைக் கொடுத்தால் கொடுத்தவரிடம் அந்த அளவு குறைகிறது. அறிமுகமும் பேச்சுத் துணிவும் விதிகளைப் பற்றிய அறிவும் அப்படிக் குறைவதில்லை. ஒரு பெண்ணுக்கு நேர்காணலில் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுத்தவரின் ஆங்கிலம் தேய்ந்துபோவதில்லை. ஆகவே பணக்காரர் பணத்தைப் பகிராததற்காவது ஒரு சமாதானம் சொல்ல முடியும். மேல்தட்டில் இருப்பவர் தம் மேல்தட்டுத்தன்மையைப் பகிராததற்குச் சொல்ல எந்தச் சமாதானமும் இல்லை.

திருக்குறளின் அதிகார வரிசையை நான் இந்தக் கோணத்தில் பார்ப்பதுண்டு. 96ஆம் அதிகாரம் குடிமை. தொடர்ந்து மானம், பெருமை, சான்றாண்மை, பண்புடைமை. அதற்கு அடுத்து, 101ஆவதாக, யாருக்கும் பயன்படாத செல்வத்தைக் கண்டிக்கும் நன்றியில் செல்வம். பிறகு நாணுடைமை. 103ஆவது குடிசெயல்வகை, தான் பிறந்த குடியை மேலே தூக்கும் உழைப்பு. அதற்கு அடுத்தது உழவு. நற்குடிப் பிறப்பில் தொடங்கிய பேச்சு, பயன்படாத செல்வத்தைக் கண்டித்து, பிறரை உயர்த்துவதில் நடந்து, உழவனிடம் வந்து சேர்கிறது. மேன்மைக்கு இதைவிடத் தெளிவான பாதையை நான் எங்கும் கண்டதில்லை.

7. கேட்டுக்கொள்வது

அன்பர்களே, இந்த மலையில் பழைய வேலிகள் சில திறந்துவிட்டன. சல்லிவனின் கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. ஜோத்பூர் அரண்மனை தமிழகம் என்ற பெயரில் அரசு விருந்தினர் மாளிகை. கட்டடங்கள் கை மாறுவது எளிது. பழக்கங்கள் கை மாறுவதற்கு மனிதர்கள் வேண்டும்.

இங்கே ஓய்வு பெற்ற தோட்ட அதிகாரிகள், ராணுவ அதிகாரிகள், பேராசிரியர்கள், மருத்துவர்கள் இருக்கிறீர்கள். நன்கொடை கேட்க நான் வரவில்லை. உங்கள் நேரத்தையும் அறிமுகத்தையும் கேட்கிறேன். பக்கத்து லைனில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இருந்தால், எந்தக் கல்லூரி, எந்த உதவித்தொகை, எந்தத் தேதி என்று உட்கார்ந்து சொல்லுங்கள். ஓய்வு பெறும் தொழிலாளியின் பி.எஃப். படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். உங்கள் நண்பருக்கு உங்கள் மகனுக்காக எழுதும் கடிதத்தை உங்கள் தோட்டக்காரரின் மகளுக்காகவும் எழுதுங்கள். உங்கள் கிளப்பிலும் பள்ளியிலும் நூலகத்திலும் வாசலைத் திறக்கும் தீர்மானத்தை நீங்களே முன்மொழியுங்கள். எஸ்டேட் ஆபீசிலும் உங்கள் வரவேற்பறையிலும், கொழுந்து பறித்த அம்மா வந்தால் முதலில் நாற்காலியைக் காட்டி ‘உட்காருங்கம்மா’ என்று சொல்லுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். நேர்காணல் அறையில் உங்கள் குரல் ஒடுங்கினால் அது உங்கள் அறிவின் குறை இல்லை. அந்த அறைக்குப் பழக உங்களுக்கு யாரும் வாய்ப்புத் தரவில்லை, அவ்வளவே. பழகிக்கொள்ளுங்கள். பழகிய பிறகு, உங்களுக்குப் பின்னால் வருகிறவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போங்கள். தன்னோடு எத்தனை பேரை மேலே கூட்டி வந்தார் என்பதைக் கொண்டே ஒருவரை மேலானவர் என்று இந்த மலை மதிக்க வேண்டும். அதை வழக்கமாக்குவது உங்கள் தலைமுறையின் பொறுப்பு.